வன்முறை ஒருங்கிணைப்பாளரின் கணவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, துண்டுப்பிரசுரமாகப் பிறந்தது. ஒரே பக்கம். மேலே கால் பக்கத்துக்குப் பல்கலைக்கழகத்தின் சிலுவை முத்திரை, கீழே கால் பக்கத்துக்கு அவசரத் தொலைபேசி எண்கள். நடுவில் மிஞ்சிய அரைப் பக்கத்தில், படிக்கிற பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி ஒரு கதை வேண்டும் என்று கேட்டாள் என் மனைவி.

அவளுடைய வேலையைச் சொன்னால்தான் மேற்கொண்டு புரியும். ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குள் நடக்கும் வன்முறையைத் தடுப்பதும், அடிபட்டவர்களுக்குத் துணையாக நிற்பதும் அவள் பொறுப்பு. காதலில், நட்பில், விடுதி அறையில், ஒருவர் இன்னொருவரைக் கையால், வாயால், கைபேசியால் படுத்தும் பாடெல்லாம் அவளிடம் வரும். பதவியின் பெயர் ‘தனிநபர் வன்முறைத் தடுப்பு மற்றும் மாணவர் ஆதரவு ஒருங்கிணைப்பாளர்’. இவ்வளவும் அறை வாசல் பலகையில் அடங்கவில்லை. பலகை எழுதுகிறவர் தன் புத்திக்கு எட்டியபடி சுருக்கி, ‘வன்முறை ஒருங்கிணைப்பாளர்’ என்று எழுதி மாட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் அது அங்கே தொங்கியது. அந்த மூன்று நாளும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“கழட்டச் சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“நாளைக்குக் கழட்டறாங்க. எப்படியோ, ரூம் எங்க இருக்குன்னு பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றாள்.

நான் அதே வளாகத்தில் செய்திமடல் ஆசிரியர். இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் போட்டிருக்கிறேன். இரண்டும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தாராளமாகக் கிடைக்கும். அரைப் பக்கக் கதை எனக்கு ஒரு பொருட்டா என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘இடி இடித்தது. மின்னல் வெட்டியது. நனைந்த பறவையாய் அவள் அந்த அறைக்குள் நுழைந்தபோது—’

“இடி எதுக்கு?” என்றாள் மனைவி, சிவப்புப் பேனாவோடு.

“ஒரு சூழலுக்கு.”

“என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் வர்றாங்க. நல்ல வெயில். அப்பதான் கிளாஸ் இல்ல.”

இரண்டாம் தொடக்கம்: ‘அந்த அபலைப் பெண்—’. இதில் அவள் ‘அபலை’யை அடித்தாள். பிறகு ‘அந்த’வை அடித்தாள். மிச்சம் ‘பெண்’ நின்றது. “இதை வெச்சு ஆரம்பிங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஏழு வாரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் கதை வேறு வழியாக எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

2

இனி ‘நான்’ வரமாட்டேன். ‘கணவர்’ என்று ஒருவர் வருவார். அவரை ‘அவர்’ என்று மரியாதையாகச் சொல்வேன். என்னை நானே அப்படி அழைத்துக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. (அடைப்புக்குறிக்குள் மட்டும் நான் வந்துபோவேன். கண்டுகொள்ளாதீர்கள்.)

ஒருங்கிணைப்பாளரின் அறை நூலகக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். உயரமானவர்கள் குனிந்துதான் உட்கார வேண்டும். தலைக்கு மேல் எந்நேரமும் செருப்புச் சத்தம். மாணவர்கள் அவளை ‘மாடிப்படி அக்கா’ என்றார்கள். இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேராகப் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டவை. வருகிறவர்கள் கண்ணைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று கட்டாயம் இருக்கக் கூடாது என்பாள். கதவுக்குப் பக்கத்து நாற்காலி வருகிறவருக்கு. எழுந்து போக வேண்டுமென்றால் யாரையும் தாண்டாமல் போகலாம்.

அந்த அறைக்குள் என்ன பேசப்பட்டாலும் அது வீட்டுக்கு வராது. கணவர் பதினோரு வருடமாக முயன்று பார்த்துவிட்டார். பாத்திரம் கழுவும் வேகத்தை வைத்து இன்றைக்கு எப்படிப்பட்ட நாள் என்று துப்பறிவார். சத்தம் பெரிதாக வந்தால் பெரிய விஷயம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். பிறகுதான் தெரிந்தது, சத்தம் பெரிதாக வந்த நாளெல்லாம் அவர் பாத்திரத்தை ஊறப்போடாத நாள் என்று.

ஆகையால் இந்தக் கதையில் அந்த அறையின் கதவு மூடியே இருக்கும். அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்து பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதும் திறமை எனக்கு உண்டு. ‘அவள் விரல்கள் துப்பட்டாவின் நுனியை—’

வேண்டாம்.

3

கணவருக்கு ஓர் அக்கா. அக்காவுக்கு ஒரே மகன். அவன் படிக்க இடம் தேடியபோது, விண்ணப்பம் வாங்கிக் கொடுத்து, படிவம் நிரப்பி, விடுதியில் பெட்டியை இறக்கி வைத்தது வரைக்கும் கணவர்தான். மருமகன் கெட்டிக்காரன். வளாக ஆலயத்துப் பாடகர் குழுவில், அதாவது கொயரில், கீபோர்ட் வாசித்தான். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். ஜெபிக்கச் சொன்னால் தடுமாறாமல் ஜெபிப்பான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக மாமா வீட்டுக்குச் சாப்பிட வருவான். ஒருங்கிணைப்பாளருக்கும் கணவருக்கும் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்தான்.

ஒரு ஞாயிறு அவனோடு ஒரு பெண்ணும் வந்தாள். பாடகர் குழுவில் பாடுகிறவள், மூன்றாம் வருடம். கூச்சமில்லாமல் பேசினாள். தான் சின்ன வயதில் பிரசங்கத்தின் நடுவில் தூங்கிப் பெஞ்சிலிருந்து விழுந்ததைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். மருமகன் மட்டும், “சரி, சாப்பிடு” என்றான்.

ஒருங்கிணைப்பாளர் சோற்றுக் கரண்டியோடு அவள் பக்கம் வந்தாள்.

“அவளுக்குப் போதும் அத்தை” என்றான் மருமகன்.

பெண் கையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஒருங்கிணைப்பாளர் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீ சொல்லும்மா. வேணுமா, போதுமா?”

பெண் மருமகனைப் பார்த்தாள். பிறகு, “போதும் ஆன்ட்டி” என்றாள்.

கணவர் இதில் எதையும் கவனிக்கவில்லை. அவர் தன் மூன்றாம் தொகுப்புக்குத் தலைப்பு சரியாக அமையவில்லை என்பதை விளக்கிக்கொண்டிருந்தார்.

4

(இந்தப் பகுதியை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மருமகனை முதலிலேயே கொஞ்சம் முறைப்பாகப் பார்க்க வைத்தேன். பல்லைக் கடிக்க வைத்தேன். வாசகர் உஷாராகிவிடுவார் அல்லவா? ஆனால் அவன் பல்லைக் கடிக்கிறவன் இல்லை. சிரித்த முகம். எனக்கும் அதுதான் சிக்கல், அந்தப் பெண்ணுக்கும் அதுதான் சிக்கலாக இருந்திருக்கும்.)

ஒரு புதன்கிழமை ஒருங்கிணைப்பாளர் நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். பையை மாட்டாமல் தரையில் வைத்தாள். நின்றுகொண்டே தண்ணீர் குடித்தாள்.

“என்ன, உடம்பு சரியில்லையா?” என்றார் கணவர்.

“ஒரு கேஸ்லேருந்து விலகிட்டேன். ஹெல்த் சென்டர் நர்ஸ் பார்த்துக்குவாங்க.”

“ஏன்?”

“ஏன்னு கேக்காதீங்க.”

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். கணவர் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தார். விலகுவது என்றால் விதிப்படி ஒரே காரணம்தான்: சொந்தக்காரர் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். வளாகத்தில் அவர்களுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்? கணவரை விட்டால் ஒருவன். ஆக... கண்டுபிடித்துவிட்டார்! பதினோரு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பூட்டிய அறைக்குள் என்ன நடந்தது என்று தானாகவே துப்புத் துலக்கிவிட்டார். அரை நிமிடம் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அரை நிமிடம் கழிந்த பிறகு, கண்டுபிடித்தது என்ன என்பது மெல்ல உறைத்தது.

5

மறுநாளே அக்கா தொலைபேசியில் வந்தாள். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா ஒன்றும் கிடையாது.

“உன் பொண்டாட்டி என்னடா பண்ணிவெச்சிருக்கா? பிள்ளைக்கு நோட்டீஸ் வந்திருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட பேசக் கூடாதாம், கொயருக்குப் போகக் கூடாதாம், விசாரணையாம். கொலையா பண்ணிட்டான்?”

“அக்கா, அவ அந்தக் கேஸ்லயே இல்ல. விலகிட்டா.”

“சொந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா விலகறதா? கிட்ட நின்னு பார்க்க வேணாமா? தம்பி, நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. ஒரு வார்த்தை பேசச் சொல்லு. ஒரே ஒரு வார்த்தை.”

“பேசறேன்க்கா.”

பிறகு மருமகனும் பேசினான். “கையைத்தான் பிடிச்சேன் மாமா. பிராக்டிஸ் முடிஞ்சு படியில. ஃபோனைக் காட்டுன்னு கேட்டேன். காட்டியிருந்தா விட்டிருப்பேன். அவ்வளவுதான்.”

அன்று மாலை சமையலறையில் கணவர் மனைவியோடு பேசியதை மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் விதம்: கணவர் ஒன்றுமே கேட்கவில்லை. மனைவியின் தோளில் கை வைத்து, ‘நீ செய்வது சரி’ என்றார். ஜன்னல் வழியே மாலை வெளிச்சம் அவர் முகத்தில்—

இரண்டாம் விதம்: கணவர் தயங்கினார். உள்ளுக்குள் ஒரு போராட்டம். தர்மத்துக்கும் பாசத்துக்கும் நடுவே ஊசலாடும் அந்த—

மூன்றாவதைச் சொல்கிறேன். இந்த இடத்துக்கு மட்டும் கணவருக்கு ‘அவர்’ வேண்டாம், ‘அவன்’ போதும்.

அவன் கேட்டான். உள்ளே வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டான். முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூட அவனுக்குத் துணிச்சல் இல்லை.

“கையைத்தானே பிடிச்சான்? சின்னப் பசங்க. நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, கூப்பிட்டுக் கண்டிச்சு விட்டுடுவாங்கல்ல? அந்தப் பொண்ணும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.”

தண்ணீர்க் குழாய் நின்றது.

“ஃப்ரிட்ஜை மூடுங்க” என்றாள்.

மூடினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய், வேலைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

“என்ன எழுதற?”

“விலகினவங்ககிட்ட யாராவது கேஸைப் பத்திப் பேசினா எழுதிக் கொடுக்கணும். யாரா இருந்தாலும்.”

“நான் உன் புருஷன்!”

“அதையும் எழுதியிருக்கேன்.”

எழுதியதை மறைக்கவில்லை, அவன் பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டே வாக்கியம்: ‘இன்று மாலை 7.40 மணிக்கு என் வீட்டுச் சமையலறையில் என் கணவர் இந்த வழக்கில் தலையிடும்படி என்னைக் கேட்டார். நான் மறுத்துவிட்டேன்.’

இத்தனை வருடமாக அவளைக் கதாபாத்திரமாக்க அவன் தவித்துக்கொண்டிருந்தான். அவளோ இரண்டு வாக்கியத்தில் அவனை எழுதிவிட்டாள். ஓர் இடி இல்லை, மின்னல் இல்லை. ஓர் உரிச்சொல் இல்லை. அவன் முழுசாக அதில் இருந்தான். பொறாமையாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா?

வெட்கம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “எனக்கும் அவன் பிள்ளை மாதிரிதான். இந்த ஞாயித்துக்கிழமை எத்தனை தட்டு வெக்கறதுன்னு எனக்கும் தெரியல.” (அழுதாள் என்று எழுதலாமா? அழவில்லை. எழுதினால் சிவப்புப் பேனா வரும்.)

6

அடுத்த வாரம் வளாகப் போதகர் செய்திமடல் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல மனிதர். யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி எடுத்துப் போடுவார். உட்கார்ந்ததும் நெற்றியைத் தேய்த்தார்.

“தம்பி, ரெண்டும் நம்ம ஆலயத்துப் பிள்ளைங்க. ரெண்டு பேரையும் ஜெப அறையில உட்கார வெச்சு, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வெச்சு, கை கொடுக்க வெச்சுட்டா முடிஞ்சுது. உங்க வீட்டம்மா முன்னாடியே எங்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்திருக்காங்க, அப்படிச் செய்யக் கூடாதுன்னு. அவங்க இதுல இல்லாததால உங்ககிட்ட வந்தேன். வன்முறைத் தடுப்பு வாரம் வருதுல்ல, அந்த இதழ்ல மன்னிப்பைப் பத்தி ஒரு கட்டுரை போடுங்களேன். படிச்சா அந்தப் பொண்ணு மனசும் இளகும்.”

“போட்டுடலாம் பாஸ்டர்” என்றார் கணவர். (மரியாதை திரும்ப வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? எனக்கு என் மேல் கோபம் நெடுநேரம் நிற்பதில்லை.)

கட்டுரை அற்புதமாக வந்தது. ஊருக்கு உபதேசம் என்றால் அவருக்குப் பேனா தானாக ஓடும். ஏழு எழுபது தரம் மன்னிக்கச் சொல்லும் வேத வசனத்தைப் பற்றி எழுதினார். கசப்பு என்பது மனசுக்குள் நாமே வளர்க்கும் களை என்று எழுதினார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் கதவைத் தட்டிவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள்.

அவள்தான்.

“சார், போன இதழ்ல கொயர் லிஸ்ட் வந்திருக்கு. அதுல என் பேரு இல்ல.”

கணவர் இதழை எடுத்துப் பார்த்தார். இருபத்து மூன்று பெயர்கள். பட்டியலை அனுப்பியவன் குழுவின் செயலாளர், மருமகனின் அறை நண்பன். நோட்டீஸ் வந்தது மருமகனுக்கு. காணாமல் போனது இவள் பெயர்.

“விட்டுப்போயிருக்கும்மா...”

“விட்டுப்போகல சார், எடுத்துட்டாங்க. நான் கொயரை விட்டுப் போகல. நேத்துகூடப் பாடினேன். பேரு இல்லன்னா நானே ஒதுங்கிட்டேன்னுதானே எல்லாரும் நினைப்பாங்க?”

அவள் உட்காரவில்லை. இவர் யாருடைய மாமா என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். தெரிந்தேதான் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள். கணவருக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், விளக்க வேண்டும், அவன் சின்ன வயதில் எப்படி இருந்தான் என்று சொல்ல வேண்டும். மேசை மேல் கிடந்த கட்டுரையின் தலைப்பு அவளுக்குத் தெரியும்படி இருந்தது. அவள் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

“இது எனக்கா சார்?” என்றாள்.

“இல்லம்மா. பொதுவா...”

“பொதுவான்னா சரி.” அவள் சிரித்தாள். அன்று பெஞ்சிலிருந்து விழுந்ததைச் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு, பாதியில் நின்றுவிட்டது. “என்னைப் பார்க்கிறவங்க எல்லாரும் மன்னிக்கிறதைப் பத்தித்தான் பேசறாங்க. அவன் இன்னும் என்கிட்ட மன்னிப்பே கேக்கல. கேக்காததை எப்படி சார் குடுக்கறது?”

கணவர் கட்டுரைத் தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

“திருத்தம் போடுவீங்களா?” என்றாள்.

“போடறேன்.”

“எந்த இதழ்ல?”

“இந்த இதழ்லயே. முதல் பக்கத்துல.”

அவள் ஒரு தாளில் தன் பெயரை, எழுத்துப் பிழை வராதபடி, பெரிதாக எழுதிக் கொடுத்தாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள்.

“சார், நீங்க கதை எழுதுவீங்கன்னு ஆன்ட்டி சொல்லியிருக்காங்க. இதை எழுதினா நான்தான்னு தெரியாத மாதிரி எழுதுங்க. அப்புறம், என்னை ரொம்பப் பாவமா எழுதிடாதீங்க.”

அடிக்குறிப்பு, பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கேயே: பாடகர் குழு என்று எழுதியிருக்கிறேனே, அது பாடகர் குழு அல்ல. கீபோர்டும் இல்லை, படியும் இல்லை. அவள் மூன்றாம் வருடமும் அல்ல. மாற்ற முடிந்ததை எல்லாம் மாற்றிவிட்டு, அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். “இதுல நான் கொஞ்சம் தைரியசாலியா இருக்கேன். பரவால்ல, இருக்கட்டும்” என்றாள்.

திருத்தம் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி வந்தது. ஒரே வரி. மன்னிப்புக் கட்டுரை வரவில்லை. போதகர் கேட்டபோது கணவர், “இடம் போதல பாஸ்டர்” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்தப் பதிலைக் கேட்டுப் போதகர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, “அந்தப் பொண்ணு என்கிட்டயும் வந்துச்சு. அதையேதான் கேட்டுச்சு” என்றார். அதற்கு மேல் அவர் ஜெப அறைப் பேச்சை எடுக்கவில்லை.

7

விசாரணைக்குக் கணவரையும் கூப்பிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் எழுதிக் கொடுத்த இரண்டு வாக்கியம் அங்கே அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. “உண்மைதானா?” என்று கேட்டார்கள். “உண்மைதான்” என்றார். அதோடு விட்டிருக்கலாம். “வேற ஏதாவது தெரியுமா?” என்று கேட்டார்கள். யாரும் கேட்காதவரை அவருக்கே தெரியாமல் இருந்த ஒன்று அப்போது வாயில் வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு, சாப்பிட்ட பிறகு, மருமகன் தன் கைபேசியைக் காட்டினான். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. “அவதான், மாமா. லைப்ரரிலேருந்து ஹாஸ்டலுக்குப் போறா பாருங்க. எங்க இருக்கான்னு தெரிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி.” கணவர் வாய்விட்டுச் சிரித்தார். “நல்ல வேளைடா, உங்க அத்தை எனக்கு இப்படி ஒண்ணு மாட்டி விடல!” என்றார். மருமகனும் சிரித்தான். புள்ளி விடுதிக்குள் போய் நின்றது. இருவரும் பழம் சாப்பிட்டார்கள்.

(இதைத்தான் மூன்றாம் பகுதியில் எழுதியிருக்க வேண்டும். அங்கே எழுதாமல் தலைப்பு அமையாத வருத்தத்தை எழுதி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டேன். தன்னைக் கேலி செய்துகொள்வதில் ஒரு வசதி இருக்கிறது: எந்தக் குற்றத்தைக் கேலி செய்வது என்று நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.)

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. மருமகன் இரண்டு பருவத்துக்கு விடுதியிலும் குழுவிலும் இருக்கக் கூடாது. அந்தப் பெண்ணை எந்த வழியிலும் தொடர்புகொள்ளக் கூடாது. வாரம் ஒருமுறை வெளியில் ஓர் ஆலோசகரைப் பார்த்து வந்தால்தான் தொடர்ந்து படிக்கலாம். அக்கா தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அக்கா வீட்டு விசேஷம் ஒன்றுக்கு முன்னால் அத்தான் மட்டும் ரகசியமாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, “நீங்க வராம இருக்கறதே நல்லது மச்சான்” என்று வருத்தத்தோடு சொன்னார்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்றால், படிக்கிறாள். பாடுகிறாள். வேறு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்க வேண்டும். அவள் சொல்வாள் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

துண்டுப்பிரசுரத்தில் நடு அரைப் பக்கத்துக்குக் கடைசி வரை கதை வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் அங்கே மூன்று கேள்வியை மட்டும் அச்சடித்தாள்: ‘இப்போது பாதுகாப்பாக இருக்கிறாயா? இன்றைக்கு உனக்கு என்ன வேண்டும்? யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது?’ என் எழுத்து வாழ்க்கையில் என் இடத்தை வேறொருவர் இவ்வளவு நன்றாக நிரப்பியதில்லை.

8

இரண்டாம் பருவம் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை கணவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘மாமா, நாளைக்கு வரலாமா?’

பதில் ஒன்று: ‘எப்ப வேணாலும் வாடா, இது உன் வீ—’

பதில் இரண்டு: ‘நீ செய்ததை நினைத்தால்—’

பதில் மூன்று: ‘அத்தையிடம் கேட்டுவிட்டு—’

மூன்றாவதை மனைவி எட்டிப் பார்த்துவிட்டாள். “என்னை எதுக்கு இழுக்கறீங்க? எனக்கு அவன் வர்றதுல வருத்தம் இல்ல. ஆனா கேஸ் நிபந்தனை முடியற வரைக்கும் நான் அவன்கூட உட்கார்ந்து அதைப் பேசக் கூடாது. நான் நாளைக்கு என் ஃபிரண்ட் வீட்டுக்குப் போயிடறேன். நீங்க பேசறதுன்னா பேசுங்க.”

“நான் என்ன பேசறது?”

“இத்தனை வருஷம் பேசினீங்களே” என்றாள். அது பாராட்டு இல்லை என்பது கணவருக்கே புரிந்தது.

‘வா’ என்று மட்டும் அனுப்பினார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு வந்தான். இளைத்திருந்தான். உள்ளே வரத் தயங்கினான். அதனால் வாசல் பெஞ்சிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். கணவர் முதலில் நீலப் புள்ளியைச் சொன்னார். அன்றைக்குச் சிரித்தது தப்பு என்றார். அதை விசாரணையில் சொன்னதையும் சொன்னார். வண்டியிலிருந்து சோப்பு நுரை ஓடி வந்து சாக்கடையில் இறங்கியது.

பிறகு அவன் சொன்னான்: “அவ சொன்னதுல பாதி பொய் மாமா.”

கணவருக்குப் பழக்கமான பதில்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ‘தெரியும்டா’ முன்னால் நின்றது. ‘போகட்டும் விடு’ அதற்குப் பின்னால்.

“சரி. மத்த பாதியைச் சொல்லு” என்றார்.

மருமகன் நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பு முகத்திலிருந்து போயிருந்தது. அது இல்லாமல் அவனைக் கணவர் இதுவரை பார்த்ததில்லை. வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவன் சொன்னானா, எழுந்து போனானா என்பது எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதை எழுதினால், சொன்னான் என்றால் நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள், போனான் என்றால் அவனைத் திட்டிவிட்டு மூடிவிடுவீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம். பெஞ்சில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். உங்களுக்கும் ஓர் அக்கா மகனோ, தம்பியோ, கூடப் படித்தவனோ இருப்பான். இந்த முடிவை அவனை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. அவன் பேச ஆரம்பிக்கிற வரைக்கும் அவனுக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள். அதை நான் பல வருடம் செய்து பார்த்துவிட்டேன்.